ஊர் எப்படி ஆளை வழிக்குக் கொண்டுவருகிறது? நடைமுறை தெரியும்படி எழுதப்பட்ட கதைகள் வேண்டும்

பழையபேப்பர்:
வாசிப்புக் குழுவின் அடுத்த சில கூட்டங்களுக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பொருள்: ஊர்க்கட்டுப்பாடும் தனி ஆளும். வெறும் பெயர்ப்பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். பல கதைகளில் ‘சமூகம்’ மேகமூட்டம் மாதிரி தலைக்கு மேலே நிற்கிறது, அவ்வளவுதான். நாலு பேர் பேசினார்கள், அவள் அழுதாள், கதை முடிந்தது. யார் எதை நிறுத்தினார்கள், மற்றவர்கள் ஏன் ஒத்துப்போனார்கள், ஒத்துப்போகாதவருக்கு மறுநாள் காலையில் என்ன கிடைக்காமல் போனது என்பதுவரை காட்டும் படைப்பு எது? பிறமொழியானாலும் சரி. ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்பதையும் விவரமாக எழுதுங்கள்.

கல்லணை:
யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’. 1965இல் வந்த கன்னட நாவல், அளவில் சின்னது. மறுநாள் காலையில் என்ன கிடைக்காமல் போனது என்று கேட்டீர்கள். இதில் அது சோறு.

துர்வாசபுரம் என்ற மாத்வ பிராமணர்களின் அக்ரஹாரம். நாரணப்பா சிவமொக்கா போய்விட்டுக் காய்ச்சலோடு திரும்பி வந்து இறக்கிறான். பிணம் கிடக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது, பூஜை கூடாது. அவனுக்குப் பிள்ளை இல்லை. யாராவது கர்மம் செய்தால்தான் பிணத்தை எடுக்கலாம். ஆனால் அவன் குடித்தவன், மாமிசம் தின்றவன், சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவன், சந்திரி என்ற கீழ்ச்சாதிப் பெண்ணோடு வாழ்ந்தவன். அவனுக்குக் கொள்ளி வைத்தால் வைத்தவனுக்குத் தீட்டு.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, அவன் உயிரோடு இருந்தபோதே ஏன் சாதிவிலக்கு செய்யவில்லை? “விலக்கினால் முஸ்லிமாக மாறிவிடுவேன், இதே தெருவில்தான் இருப்பேன்” என்று மிரட்டி வைத்திருந்தான். அப்படி நடந்தால் தெருவே தீட்டு, எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே தண்டிக்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். விலக்காததால் செத்தபிறகும் அவன் பிராமணன்தான், கர்மம் செய்தே ஆக வேண்டும். தாங்கள் கட்டிய விதியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, தங்கம். செலவுக்கு என்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி, அக்ரஹாரத்தின் பண்டிதரான பிராணேசாசார்யர் முன்னால் வைக்கிறாள். அதுவரை ‘நான் மாட்டேன்’ என்ற கருடாசார்யருக்கும் லட்சுமணாசார்யருக்கும் அந்தக் கணத்திலிருந்து கவலை மாறிவிடுகிறது: அடுத்தவன் செய்து நகையைக் கொண்டுபோய்விட்டால்? அவர்களுடைய மனைவிமாருக்கும் அதே கணக்கு. அந்தக் காட்சியைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். விதி மாறவில்லை, சாஸ்திரம் மாறவில்லை, பேச்சின் தொனி மட்டும் மாறுகிறது.

மூன்றாவது, பசி. சாப்பாட்டுப் பிரியரான தாசாசார்யர் பசி பொறுக்காமல் பாரிஜாதபுரத்து ஸ்மார்த்தர் (வேறு பிராமணப் பிரிவு) மஞ்சய்யா வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிடுகிறார். மாத்வர் அந்த வீட்டில் கை நனைக்கலாகாது. கட்டுப்பாட்டை முதலில் மீறியது ஒரு வயிறு. புரட்சிக்காரன் யாரும் அங்கே இல்லை.

கடைசியில் பிணத்தை எடுத்தது யார்? மீன் வியாபாரி அகமது பாரியின் வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக சந்திரியே எரித்துவிட்டுக் குந்தாபுரம் போய்விடுகிறாள். அது தெரியாமல் அக்ரஹாரத்து ஆண்கள் விடை கேட்டு மடம்வரை அலைகிறார்கள். இவ்வளவு துல்லியமாக ஊரைப் பிரித்து வைத்த நாவல் தென்னிந்தியாவில் குறைவு என்பேன்.

ஒத்தையடி:
சம்ஸ்காராவை மறுக்கவில்லை. ஆனால் அதில் பிராணேசாசார்யர் என்ற பண்டிதரின் மனக்குழப்பம் பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்கிறது. குழு அந்தப் பக்கம் போனால் ‘தர்மம் என்றால் என்ன’ என்று தத்துவம் பேசி முடித்துவிடும். பழையபேப்பர் கேட்டது ஊரைப் பற்றி.

கல்லணை:
ஒத்தையடி, அதற்கு வழி இருக்கு. நாவல் மூன்று பாகம். ஊர் முழுசா வேலை செய்வது முதல் பாகத்தில். ஆசார்யர் மாருதி கோயிலில் சாமியின் பதிலாகப் பூ விழும் என்று நாள் பூராக் காத்திருந்து, விழாமல் திரும்பும் வழியில் காட்டில் சந்திரியைச் சந்திப்பாரே, அதுவரை போதும். மீதியை விருப்பம் உள்ளவர்கள் வீட்டில் வாசிக்கட்டும்.

செம்பருத்தி:
நடைமுறைதான் வேண்டுமென்றால் கேரள நம்பூதிரிகளின் ஸ்மார்த்த விசாரத்தை விடமுடியாது. அங்கே ஊர் அழுத்தம் என்பது உண்மையிலேயே படிப்படியான விசாரணை முறை. கதைகளுக்குப் போகும் முன் அந்த முறையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பாதி புரியாது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஓர் அந்தர்ஜனத்தின் (நம்பூதிரி இல்லத்துப் பெண்) நடத்தை மேல் சந்தேகம் வந்தால் முதலில் அவளை ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவளுடைய பணிப்பெண்ணைக் கேட்பார்கள். இது தாஸி விசாரம். அதில் ஏதாவது தேறினால் அந்தர்ஜனத்தை அஞ்சாம்புரை என்ற தனிக் கட்டிடத்தில் அடைப்பார்கள். அங்கே போனபிறகு அவள் பெயரைச் சொல்லமாட்டார்கள், ‘சாதனம்’ என்பார்கள். பிறகு அரசரிடம் முறையீடு. அவர் ஸ்மார்த்தனையும் (விசாரணை நடத்துபவர்) மீமாம்சகர்களையும் (சாஸ்திரம் தெரிந்த ஆலோசகர்கள்) நியமித்து, தம் தரப்பில் அகக்கோய்மா என்ற பிராமணரையும் அனுப்புவார். ஸ்மார்த்தன் கதவுக்கு வெளியே நின்று கேட்பார், நடுவில் பணிப்பெண் நிற்பாள், அந்தர்ஜனம் கண்ணில் படமாட்டாள். ஸ்மார்த்தன் கேள்வியில் தவறினால் அகக்கோய்மா வாய் திறக்காமல் தோளில் கிடக்கும் துணியைத் தரையில் போடுவார். உடனே கேள்வி நிற்கும், மீமாம்சகர்கள் கலந்து பேசித் திருத்துவார்கள்.

இதில் முக்கியம், அவளே குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தீர்ப்பு சொல்ல முடியாது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் அதன் பொருள், ஒப்புக்கொள்ளும்வரை விசாரணை முடியாது என்பதுதான். மாதக்கணக்கில் நீளும். வந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது அவள் இல்லத்தின் பொறுப்பு. ஆகவே அவளைக் காப்பாற்ற வேண்டிய வீடே, சீக்கிரம் ஒப்புக்கொள் என்று நெருக்கத் தொடங்கும். ஒப்புக்கொண்டதும் மறக்குடையை (முகத்தை மறைக்கும் ஓலைக்குடை) பிடுங்கிக்கொண்டு கைகொட்டி வெளியே விடுவார்கள். பிறகு உயிரோடு இருப்பவளுக்கு இல்லத்தார் ஈமச்சடங்கு செய்வார்கள். அது முடிந்தால்தான் அவர்கள் சுத்தம்.

1905இல் கொச்சியில் குறியேடத்து தாத்ரி மேல் நடந்த விசாரணையில் இந்த முறை தன்னையே கடித்தது. அவள் ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் ஆண்களின் பெயர்களை அடையாளத்தோடு சொல்லிக்கொண்டே போனாள். விலக்கப்பட்ட ஆண்கள் 64 பேர். நம்பூதிரிகள், ஐயர்கள், அம்பலவாசிகள் (கோயில் வேலை செய்யும் சாதியினர்), நாயர்கள், எல்லாரும் உண்டு. கதகளி நடிகர் காவுங்கல் சங்கரப்பணிக்கரும் அதில் ஒருவர். வழக்கத்துக்கு மாறாக அந்த ஆண்கள் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய அரசர் அனுமதி கொடுத்தார். அப்படியும் தப்பவில்லை. அடுத்து அரசர் பெயரே வரும் என்று பயந்து விசாரணையை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது வாய்வழிக் கதை, கூட்டத்தில் சரித்திரமாகச் சொல்லிவிடாதீர்கள்.

படைப்பு என்று கேட்டால் லலிதாம்பிகா அந்தர்ஜனம் 1938இல் எழுதிய ‘பிரதிகார தேவதை’ சிறுகதை. இரவில் கதை தேடி உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் முன்னால் தாத்ரியின் ஆவி வந்து தன் தரப்பைச் சொல்கிறது. விசாரணையில் கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு இங்கே நேராகப் பேச வாய்ப்பு. கணவனே தன்னை யாரென்று அறியாமல் வாடிக்கையாளனாக வந்து நின்றதை அவள் சொல்லும் இடத்தில் மொத்த அமைப்பின் பொய்யும் வெளியே வந்துவிடுகிறது.

தாழ்வாரம்:
செம்பருத்தி, அருமையான விவரம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கதையின் சிறப்பு பழிவாங்கியதில் இல்லை. எழுத்தாளர் தாத்ரியைக் கேள்வி கேட்கிறார், பெண்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று. 64 பேரைத் தள்ளிய பிறகும் விதி அப்படியே நின்றது, இன்னும் அதிகமாகக் கூட இறுகியது. இந்த இடத்தை விட்டுவிட்டால் குழுவில் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒத்தையடி:
இரண்டுமே எழுதி வைத்த விதிகள் உள்ள அக்ரஹாரமும் இல்லமும். நம்ம பக்கம் பெரும்பாலும் யாரும் விதியை எழுதவில்லை, பஞ்சாயத்தும் கூடவில்லை, ஆனாலும் ஆள் ஒடிந்துபோகிறான். அதற்குப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). காளி, பொன்னா, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் குறை ஒன்றுமில்லை, அந்த நெருக்கத்தை நாவல் நிறையக் காட்டுகிறது. வெளியிலிருந்து வருவதெல்லாம் சின்னச் சின்னதுதான். நல்ல காரியத்தில் பொன்னாவை ஓரமாக நிற்கச் சொல்வது. ஆண்கள் கூடும் இடத்தில் காளியைப் பற்றி ஒரு கேலி. ‘இந்தச் சொத்தெல்லாம் யாருக்கு’ என்று ஒரு விசாரிப்பு. எதுவும் தனியாகப் பெரிசில்லை, எவனும் தண்டிப்பதாக நினைத்துச் செய்வதில்லை. அதனாலேயே எதிர்த்துச் சண்டை போட ஆள் கிடைப்பதில்லை.

முடிச்சைக் கட்டுவது யார் என்று பாருங்கள். அவன் அம்மா, மாமியார், மாமனார், மச்சான் முத்து. எல்லோரும் அவர்கள் மேல் உயிராக இருப்பவர்கள். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவில் ஒரு ராத்திரி, குழந்தை இல்லாத பெண் வேறு ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்ற பழைய வழக்கப்படி, பொன்னாவை அனுப்ப முடிவு செய்கிறார்கள். காளி ஒத்துக்கமாட்டான். அதனால் முத்து அவனைத் தோப்புக்குக் கூட்டிப்போய்க் குடிக்க வைக்கிறான். பொன்னாவிடமோ ‘காளி சம்மதிச்சுட்டான்’ என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். ஒரு பொய், ஒரு ராத்திரி, ஒரு மாட்டு வண்டி. ஊர் அங்கே வரவே இல்லை. வீட்டு ஆட்களே ஊர் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

பழையபேப்பர்:
நாலு வரியில் மாதொருபாகனைத் திறந்து வைத்துவிட்டீர்கள். குழுவில் இதை எடுத்தால் நாவலை விட்டு வழக்கைப் பற்றியே பேசுவார்களே என்ற பயம்.

தாழ்வாரம்:
பேசட்டும், ஆனால் அதையும் அதே கேள்வியோடு பேசட்டும்: யார், எதை, எந்த வழியில் நிறுத்தினார்கள்? 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘சமாதானப் பேச்சுவார்த்தை’ நடந்தது. அங்கே அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். கவனியுங்கள், அங்கே நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை, எந்தச் சட்டமும் நாவலைத் தடை செய்யவில்லை. ஒரு மேசை, இரண்டு தரப்பு, ஒரு தாள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. சட்டப்படி செல்லாத ஒரு தாள் ஒன்றரை வருஷம் ஒரு ஆளை எழுதவிடாமல் வைத்திருந்தது. நாவலுக்குள் முத்து செய்ததும் இதே வகைதான் என்று நான் சொன்னால் ஒத்தையடி அடிக்க வருவார்.

ஒத்தையடி:
அடிக்கமாட்டேன், ஆனால் ஒத்துக்கவும் மாட்டேன். முத்துவுக்குக் காளி மேல் பாசம். அந்த மேசையைச் சுற்றி யாருக்கும் யார் மேலும் பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. பாசம் இல்லாத நெருக்கடியை எதிர்க்கலாம், பாசத்தோடு வருவதை எதிர்க்க வாயே வராது. இரண்டையும் ஒன்றாக்கினால் நாவலின் உயிரே போய்விடும்.

பழையபேப்பர்:
சரி. இனி சிறுகதை. ஒரே கூட்டத்தில் வாசித்துப் பேசி முடிக்கும்படியாக.

செம்பருத்தி:
ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’, 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. ஆனால் தனியாக வேண்டாம், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் தொடக்கத்தோடு சேர்த்து வையுங்கள். ஊர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது.

மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், காரில் வந்தவன் ஏற்றிக்கொள்கிறான், கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். இரண்டிலும் இதுவரை ஒன்றுதான். சிறுகதையில் அம்மா முதலில் பதறி அடிக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனத்திலிருந்து விசாரிக்கும்போது, பெண் மழையில் நனைந்து வந்ததைக் காரணமாகச் சொல்லி மூடிவிடுகிறாள். பிறகு உள்ளே கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். முடிந்தது.

வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அதற்குப் பதிலாகவே ஜெயகாந்தன் நாவலை எழுதினார். அதில் மாறியது ஒன்றே ஒன்று: அம்மா சத்தம் போட்டு அழுது ஊரைக் கூட்டிவிடுகிறாள். விஷயம் சுவரைத் தாண்டியதும் அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா தயவில் படித்து, வேலைக்குப் போய், ‘கெட்டுப்போனவள்’ என்ற பெயரோடு காலம் தள்ளுகிறாள். கார்க்காரன் செய்தது இரண்டிலும் ஒன்றே. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்தது பக்கத்து வீட்டுக்காரியின் காது. ஒண்டுக்குடித்தனத்தின் சுவர் எவ்வளவு கனம் என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடங்கலாம்.

தாழ்வாரம்:
நல்ல சோடி. ஆனால் சிறுகதையின் அம்மாவை இவ்வளவு கொண்டாடுவதில் எனக்குச் சங்கடம் உண்டு. தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்கிறாள் என்றால், தீட்டு என்ற எண்ணத்தை அவளும் ஏற்றுக்கொண்டுதானே? ஊரின் நம்பிக்கையை மறுக்கவில்லை, அதற்குள்ளேயே ஒரு பரிகாரம் கண்டுபிடிக்கிறாள். பொய் சொல்லி மூடுவதும் ஊருக்குப் பயந்துதான்.

செம்பருத்தி:
ஏற்றுக்கொண்டாள்தான். அவள் கையில் இருந்தது அந்த ஒரு சொம்புத் தண்ணீர். அந்த இரவில் பெண்ணுக்குத் தேவைப்பட்டது தீட்டைப் பற்றிய விவாதம் இல்லையே. ஊரோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாதவள், ஊருக்குத் தெரியாமல் செய்துவிடுகிறாள். சம்ஸ்காராவில் சந்திரி செய்ததும் அதுதான். அக்ரஹாரம் விவாதித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிணத்தை எரித்துவிட்டாள்.

கல்லணை:
இந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சந்திரி எரித்துவிட்டு ஊரைவிட்டே போய்விட முடிந்தது, அவளுக்கு அந்த அக்ரஹாரத்தில் இழக்க ஒன்றுமில்லை. அம்மா மறுநாள் அதே குடித்தனத்தில், அதே குழாயடியில் நிற்க வேண்டும். யார் வெளியேற முடியும், யார் முடியாது என்பதை ஒவ்வொரு படைப்பிலும் தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் கதையின் முடிவு ஒளிந்திருக்கும்.

ஒத்தையடி:
தலைப்பையே விட்டுவிட்டீர்களே. அக்கினிப் பிரவேசம் என்றால் சீதை. அப்படியானால் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். சாபம் தீர்ந்துவிட்டது, ராமனே தொட்டு எழுப்பிவிட்டான், கௌதமனும் ஏற்றுக்கொண்டான். ஆனாலும் தண்ணீருக்குப் போகும் இடத்தில் ரிஷிபத்தினிகள் அகலிகையைக் கண்டதும் ஒதுங்கி ஓடுகிறார்கள். மேலிடம் மன்னித்தது கீழே செல்லவில்லை. பிறகு சீதையே வந்து, தன்னை நெருப்பில் இறங்கச் சொன்னதைச் சொல்கிறாள், உலகத்துக்கு நிரூபிக்க வேண்டுமே என்று. அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இந்த முறை யாரும் சாபம் போடவில்லை.

செம்பருத்தி:
ஆமாம், அதை முதல் கூட்டத்துக்கே வைக்கலாம். நீளம் குறைவு, மூலக்கதை எல்லோருக்கும் தெரியும்.

பழையபேப்பர்:
முதல் கூட்டம் சாப விமோசனம், அக்கினிப் பிரவேசம். இரண்டாவது சம்ஸ்காரா முதல் பாகம். மூன்றாவது பிரதிகார தேவதை, அதற்கு முன் செம்பருத்தியின் பதிவை அச்செடுத்துக் கொடுக்கிறேன். நாலாவது மாதொருபாகன். ஒரு சந்தேகம். லலிதாம்பிகாவின் ‘அக்னிசாட்சி’யை ஏன் யாரும் சொல்லவில்லை? மூன்றாவது கூட்டத்தில் சிறுகதைக்குப் பதில் அதையே வைத்தால் என்ன?

செம்பருத்தி:
1976இல் வந்த நாவல், சாகித்திய அகாதெமி விருது பெற்றது, நல்ல படைப்பு. ஆனால் அதில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. உண்ணி நம்பூதிரிக்கு மனைவி மேல் அன்பு இருக்கிறது. இல்லத்தின் ஆசாரத்தை மீற மட்டும் கை வரவில்லை. பேப்பர் படிப்பதே குற்றமாக இருக்கும் வீட்டில் அவள் மூச்சு முட்டிக் கடைசியில் வெளியேறுகிறாள். அவனைத் தடுத்தது எந்த ஸ்மார்த்தனும் இல்லை, அவனுக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அஞ்சாம்புரையை முதலில் பார்த்துவிட்டு வந்தால்தான் அது தெரியும். ஆகவே பதிலாக வேண்டாம், ஐந்தாவது கூட்டம் இருந்தால் வையுங்கள்.

ஒத்தையடி:
ஐந்தாவது கூட்டம் வைத்தால் உண்ணியையும் காளியையும் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். இருவருக்கும் பெண்டாட்டி மேல் பிரியம். ஒருவர் விதியைக் காப்பாற்றி மனைவியை இழக்கிறார், இன்னொருவன் விதியை ஏற்காமலே இழக்கிறான். காளியின் கதை மாதொருபாகனோடு முடியவில்லை. ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர்ச்சி உண்டு. ஒன்றில் அவன் உயிரோடு இல்லை, இன்னொன்றில் இருக்கிறான். எதை முதலில் வாசித்தாலும் மற்றது நிற்கும்.

பழையபேப்பர்:
குறித்துக்கொண்டேன். சம்ஸ்காராவுக்கு ஆள் ஒருவர் முன்கூட்டியே பாத்திரப்பட்டியல் போட்டுத் தர முடியுமா? அத்தனை ஆசார்யர்களில் யார் யாருக்கு உறவு என்பதில் குழப்பம் வரும்.

கல்லணை:
போட்டுத் தருகிறேன். ஆசார்யர்கள் பெயரோடு அவர்கள் மனைவிமார் பெயரும் சேர்த்து. நகைக் காட்சியில் பாதிப் பேச்சு அவர்களுடையது.